சங்கிலிக் கடிகாரம் ஏன் நிற்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் "அது ஓடாது, சும்மா அழகுக்கு நிற்குது" என்று ஓரங்கட்டப்பட்ட ஆளுயரக் கடிகாரங்கள் பல உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் மிஷினில் ஒரு குறையும் இருக்காது என்பது என் அபிப்பிராயம். தரை வாட்டமாக இருக்கும், கடிகாரத்தை ஓட்டும் எடைக் குண்டுகள் இடம் மாறித் தொங்கும், இல்லையென்றால் உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். அதனால் இங்கே சொல்வதெல்லாம் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் இருக்கும். ஸ்குரூ டிரைவரை எடுப்பது கடைசி. எண்ணெய்ப் புட்டியை எடுப்பது அதற்கும் பிறகு.

முதலில், இது சங்கிலிக் கடிகாரம்தானா?

செட்டிநாட்டு வீட்டுக் கடிகாரம் என்றதும் நினைவுக்கு வருவது முகப்பிலோ பட்டாலையிலோ சுவரில் தொங்கும் சாவிக் கடிகாரம். ஆன்சோனியா, யுங்ஹான்ஸ் மாதிரியானவை. அவை வில்சுருளில் ஓடுபவை. அவற்றின் வைத்தியம் வேறு, இங்கே பொருந்தாது.

தரையில் நிற்கும் ஆளுயரக் கடிகாரத்தில் மூன்று சாதி உண்டு. டயலில் சாவித் துளை இருந்து, குண்டுகள் கம்பிவடத்திலோ நரம்பிலோ தொங்கினால் அது சாவி கொடுத்துச் சுற்றும் வகை. டயலில் துளையே இல்லாமல் குண்டுகள் சங்கிலியில் தொங்கி, சங்கிலியின் மறுமுனையைக் கீழே இழுத்தால் குண்டு மேலே ஏறுகிறது என்றால் அதுதான் நம் கடிகாரம். கிணற்றுக் கப்பியில் ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் வாளி ஏறுவது போலத்தான். ஒரே வித்தியாசம், உள்ளே இருக்கும் தடுப்பு நாக்கு குண்டைச் சட்டென்று திரும்ப விழ விடாது. இழுக்கும்போது வரும் 'கிடுகிடு' சத்தம் அந்த நாக்குதான். பயப்பட வேண்டாம்.

மூன்றாவது சாதி வேஷதாரி. சங்கிலி இருக்கும், பளபளக்கும் குண்டும் இருக்கும். தூக்கிப் பார்த்தால் குண்டு வெற்றுக் கூடு. பின்னால் பேட்டரி. அதில் சங்கிலிக்கு ஒரு வேலையும் இல்லை.

டயலில் துளை இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய ஆங்கிலக் கடிகாரங்களில் தினமும் சங்கிலி இழுக்க வேண்டிய 30 மணி நேர வகை விலை குறைவு, வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் 8 நாள் வகை விலை அதிகம். விலை கூடினது போலக் காட்ட, சங்கிலிக் கடிகாரத்தின் டயலிலேயே பொய்த் துளை வைத்து விற்றிருக்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உள்ளே ஒரே ஒரு பெரிய குண்டு, முனையே இல்லாத வளையச் சங்கிலி, கூடவே சங்கிலி தளராமலிருக்க ஒரு சின்ன ஈய வளையம் இருந்தால் அது 30 மணி நேர வகை. ஒரே குண்டு நேரத்தையும் ஓட்டும், மணியையும் அடிக்கும். 17ஆம் நூற்றாண்டில் டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் கண்டுபிடித்த ஏற்பாடு அது. சங்கிலியை இழுக்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு அல்லது மூன்று குண்டு, தனித்தனிச் சங்கிலி என்றால் பெரும்பாலும் ஜெர்மன் 8 நாள் மிஷின்.

மிஷினின் பின்தகட்டை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், பெண்டுலத்தின் நீளம் சென்டிமீட்டரில் என்று பொறித்திருக்கும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகம் வாங்க அது போதும். வாங்கும்போதும் உதவும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் "ரங்கூனிலிருந்து வந்தது, 130 வருஷம்" என்று விலை சொல்வார்கள். பின்தகட்டில் ஹெர்ம்லே என்று இருந்தால் அந்த நிறுவனம் தொடங்கியதே 1922இல். கீனிங்கர் என்றால் 1912. பெட்டி பழையதாக இருக்கலாம், மிஷின் அவ்வளவு பழையது இல்லை. மிஷின் உட்காரும் பலகையில் இப்போது பயன்படாத பழைய துளைகள் தெரிந்தாலும் அதே கதைதான். நன்றாக ஓடினால் அப்படிப்பட்டதை வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

"ஆட்டிவிட்டால் ஓடுது, ரெண்டு நிமிஷத்தில் நின்னுடுது"

எல்லாரும் சொல்லும் புகார் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டிக்... டக்... டிக்... டக்... என்று சம இடைவெளியில் வருகிறதா? டிக்-டக்......டிக்-டக் என்று நொண்டுகிறதா? நொண்டினால் கடிகாரம் சமநிலையில் இல்லை. பெண்டுலம் ஒவ்வொரு வீச்சிலும் மிஷினிடமிருந்து ஒரு சின்னத் தள்ளு வாங்கித்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் அந்தத் தள்ளு சமமாகக் கிடைக்காவிட்டால் வீச்சு குறைந்து குறைந்து நின்றுவிடும். குண்டு எவ்வளவு கனம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே கூடுதல் எடை கட்டித் தொங்கவிடும் வேலை வேண்டாம். பல்சக்கரம்தான் தேயும்.

நம் வீடுகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் தரை. வளவில், அதாவது வீட்டின் நடுப்பகுதியில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மழைத்தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். ரசமட்டம் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பெட்டியின் அடியில் இடமிருந்து வலம் ஒருமுறை, முன்னிருந்து பின் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கடிகாரத்தை வைக்க வளவைவிடப் பட்டாலையோ ஆல்வீடோ மாதிரி மூடிய கூடம் நல்லது. சாரலும் அடிக்காது, வாட்டமும் குறைவு.

இனி சரிசெய்யும் முறை. பெண்டுலத்தை அசையாமல் தொங்க விடுங்கள். அதற்கு நேர் பின்னால் பலகையில் ஒரு துண்டு டேப் ஒட்டி நடுக்கோடு போடுங்கள். பெண்டுலத்தை மெதுவாக இடப்பக்கம் தள்ளுங்கள். 'டிக்' கேட்ட இடத்தில் ஒரு கோடு. பிறகு வலப்பக்கம். 'டக்' கேட்ட இடத்தில் ஒரு கோடு. நடுக்கோட்டிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருந்தால் கடிகாரம் சமநிலையில் இருக்கிறது. இடப்பக்கம் அதிக தூரம் தள்ள வேண்டியிருந்தால் பெட்டியின் வலது காலைச் சற்று உயர்த்த வேண்டும். வலப்பக்கம் அதிகம் என்றால் இடது கால். எந்தப் பக்கம் தூரம் அதிகமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கால் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்குக் கீழே வைக்க மெல்லிய தேக்குச் சீவல் ஆப்பு போதும். மடித்த காகிதமும் சிகரெட் அட்டையும் ஒரு மாதத்தில் நசுங்கிவிடும், மறுபடியும் நொண்ட ஆரம்பிக்கும்.

பெட்டி நேராக நிற்கிறது, இன்னும் உயர்த்தினால் கோணலாகத் தெரியும், ஆனாலும் நொண்டுகிறது. அப்படியென்றால் மிஷினின் பின்னால் பெண்டுலத்தைப் பிடித்து ஆட்டும் கவையில் கை வைக்க வேண்டும். கவை என்பது பெண்டுலத் தண்டு நுழையும் சின்னக் கவட்டைக் கம்பி. எந்தக் காலை உயர்த்தச் சொன்னேனோ அதே பக்கமாகக் கவையை ஒரு மயிரிழை வளைத்தால் போதும். பழைய மிஷினில் கவையின் மேல்பகுதியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளைக்க வேண்டும். பிடிக்காமல் வளைத்தால் அச்சு முனை உடையும். புதிய ஜெர்மன் மிஷின்கள் பலவற்றில் இந்தப் பாடே இல்லை. பெண்டுலத்தைப் பெட்டியில் இடிக்காத அளவுக்கு நன்றாக அகலமாக இழுத்து விட்டுவிடுங்கள். வீச்சு குறைந்துகொண்டே வரும்போது கவை தானாக நழுவிச் சமநிலைக்கு வந்துவிடும்.

டிக்-டக் சமமாகவே இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுத் தகட்டைப் பாருங்கள். அது முறுக்கியிருந்தாலோ மடங்கியிருந்தாலோ பெண்டுலத்தின் தட்டு நேராகப் போய் வராமல் நெளிந்து ஆடும். இந்தத் தகட்டை நிமிர்த்திப் பயனில்லை, மாற்ற வேண்டும். விலை அதிகமில்லாத பாகம்.

அப்புறம் குளவி. பூட்டிக் கிடந்த வீட்டுக் கடிகாரத்தில் கவைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே மண்கூடு கட்டிவைக்கும். பல்லி முட்டை, காய்ந்த பல்லி, ஒட்டடை எல்லாம் சகஜம். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் எஃகில் துருவாகும்.

"நாலு நாள் நல்லா ஓடுது, வாரக் கடைசியில் நிக்குது"

இது வேடிக்கையான கோளாறு. குண்டு கீழே இறங்கி, பெண்டுலத் தட்டின் மட்டத்தை ஒட்டி வரும் நாளில் கடிகாரம் நிற்கும். மறுபடி சங்கிலி இழுத்தால் ஓடும். "ஏதோ இருக்குது" என்று எலுமிச்சம்பழம் கட்டுமுன் ஒரு விஷயம் கேளுங்கள். சங்கிலியில் தொங்கும் குண்டும் ஒரு பெண்டுலம்தான். அதன் தொங்கு நீளம் உண்மையான பெண்டுலத்தின் நீளத்துக்குச் சமமாக வரும்போது, பெட்டி லேசாக ஆடினாலும் போதும், பெண்டுலத்தின் ஆட்டம் குண்டுக்குப் போய்விடும். குண்டு மெல்ல ஊசலாடத் தொடங்கும், பெண்டுலம் சோர்ந்து நிற்கும்.

மருந்து, பெட்டியை அசையாமல் நிறுத்துவது. பெட்டியின் மேல்பகுதியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம். இங்கிலாந்தில் பின்பலகை வழியாகச் சுவரில் ஸ்குரூ முடுக்கிவிடுவார்கள். நம் வீடுகளில் முட்டைவெள்ளை கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட எனக்கு மனசு வராது. ஒரு இடத்தில் பெயர்ந்தால் பார்வைக்குச் சேரும்படி ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மேலே இரண்டு மரக்கட்டை கொடுத்து, முன்கால்களுக்குக் கீழே மெல்லிய ஆப்பு வைத்தால் பெட்டி சுவரில் சாய்ந்து இறுகி நிற்கும். குழந்தைகள் ஓடியாடும் வீடாக இருந்தால் பக்கத்து நிலைக்கால் மரத்தோடு ஒரு பித்தளைப் பட்டை போட்டுப் பிணைப்பது நல்லது. நெட்டையான பெட்டி, உள்ளே பல கிலோ எடை. சாய்ந்தால் ஆபத்து.

இதைச் சரிசெய்யும் சாக்கில் இன்னொன்றையும் பாருங்கள். குண்டு இறங்கும் வழியில் பெண்டுலத் தட்டையோ, பெட்டியின் உள்பக்கத்தையோ உரசுகிறதா? முன்பின் வாட்டம் தவறியிருந்தால் பெண்டுலம் பின்பலகையைத் தொடும்.

"தினமும் ஒரே நேரத்தில் நிக்குது"

முட்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். சின்ன முள்ளை டயல் பக்கமாக ஒரு இழை உள்ளே தள்ளினால் முடிந்தது.

12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் மட்டும் நின்றால் காரணம் வேறு. "ராத்திரி மணி அடிச்சா தூக்கம் கெடுது தம்பி" என்று ஆச்சி சொன்னார் என்பதற்காக மணியடிக்கும் குண்டை மட்டும் இழுக்காமல் விட்டுவிடுவார்கள். பல மிஷின்களில் எத்தனை மணி அடிக்க வேண்டும் என்பதை ஒரு படிச்சக்கரம் சொல்லும். 1 மணிக்கு மேட்டில் தொடங்கி 12 மணிக்குக் குழி வரை படிப்படியாக இறங்கும் சக்கரம் அது. மணியடிக்கச் சக்தி இல்லாவிட்டால், படியைத் தொட்டுப் பார்க்கும் வால் மேலே தூக்கப்படாமல் அங்கேயே கிடக்கும். 12இன் குழியிலிருந்து 1இன் மேடு செங்குத்தாக வந்து அந்த வாலில் மோதும். கடிகாரம் நிற்கும். எனவே எல்லாக் குண்டையும் சேர்த்தே இழுங்கள். சத்தம் வேண்டாமென்றால் டயலின் 3 அல்லது 9 பக்கத்தில் சத்தம் நிறுத்தும் சின்ன நெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை, கால்மணிக்கு ஒருமுறை வரும் இசை அடிக்காத நேரத்தில் முழுதாகத் தள்ளுங்கள். பாதியில் நின்ற நெம்புதான் "மணியே அடிக்கலை" என்ற புகாருக்கும் பாதிக் காரணம்.

"சங்கிலி வழுக்குது", "இழுத்தா வரமாட்டேங்குது"

குண்டை ஒரு கையால் தாங்கித் தூக்கிவிட்டு மறுகையால் சங்கிலியை இழுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பார்க்கப் பரிவாகத் தெரியும். ஆனால் எடை போனதும் சங்கிலி தளர்ந்து, சக்கரத்தின் பல்லிலிருந்து நழுவி அச்சோடு சுற்றிக்கொள்ளும். குண்டைத் தொடவே கூடாது. வெறும் முனையை மட்டும் நேராகக் கீழ்நோக்கி நிதானமாக இழுக்க வேண்டும். முன்பக்கம் சாய்த்து இழுத்தாலும் நழுவும். குண்டின் தலை மிஷின் பலகைக்கு மூன்று விரல் கீழே வந்ததும் நிறுத்துங்கள். பலகையில் முட்டவிட்டால் கொக்கி வளையும். 8 நாள் மிஷினுக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என்று ஒரு நாள் வைத்துக்கொண்டால் மறக்காது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இழுக்க வேண்டாம்.

நழுவிய சங்கிலியை மாட்ட, குண்டைக் கழற்றி வைத்துவிட்டு, முனை வளைத்த மெல்லிய கம்பியால் கண்ணியைத் தூக்கிப் பல்லில் உட்கார வையுங்கள். ஒரு கண்ணி படுக்கையாக, அடுத்தது நிமிர்ந்து என்று மாறி மாறித்தான் சங்கிலி போகும். முறுக்கு இருந்தால் வரிசை தப்பி இறுகும். சங்கிலியைத் தொங்கவிட்டுத் தானாகச் சுழன்று நிற்கும் வரை விட்டால் முறுக்கு அவிழும்.

சரியாக மாட்டியும் குண்டு திடீரென்று 'கடகட'வென்று இறங்கினால் இரண்டில் ஒன்று. கண்ணிகள் வாய் திறந்து நீண்டிருக்கும், அல்லது தடுப்பு நாக்கின் வில் தளர்ந்திருக்கும். ஒரு கண்ணி இரண்டு கண்ணி என்றால் குறட்டால் வாயை மூடலாம். மொத்தச் சங்கிலியும் நீண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹார்டுவேர் கடைச் சங்கிலி உதவாது. கண்ணியின் உள்நீளம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் பல்லில் உட்காராது. 30 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை கண்ணி, கம்பி எவ்வளவு தடிமன் என்று அளந்து, அதற்கு ஒத்ததைத் தேடி வாங்க வேண்டும். நாக்கு கோளாறு என்றால் மிஷினைப் பிரிக்க வேண்டும், அது மெக்கானிக் வேலை. அதுவரை குண்டைக் கழற்றி வையுங்கள். மூன்று நான்கு கிலோ இரும்போ ஈயமோ காலில் விழுந்தால் எலும்பு தாங்காது.

"மணி தப்பா அடிக்குது"

மூன்று மணிக்கு ஐந்து அடித்தால் மிஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. படிச்சக்கர மிஷினில் மிஷின் சொல்வதுதான் சரி, முள்தான் தப்பு. புதிய ஜெர்மன் மிஷின்களில் சின்ன முள் குழாயில் இறுக்கமாகச் செருகியிருக்கும், அவ்வளவே. அதை மட்டும் பிடித்து, அடித்த எண்ணுக்கு நேராகத் திருப்பிவிட்டு, பிறகு பெரிய முள்ளால் சரியான நேரத்துக்கு வாருங்கள். பழைய ஆங்கிலக் கடிகாரத்தில் சின்ன முள் ஸ்குரூ போட்டு இருக்கும், அதை இப்படித் திருகக் கூடாது. பழைய 30 மணி நேர வகையில் பெரும்பாலும் படிச்சக்கரம் இருக்காது. ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும் எண்ணிக்கைச் சக்கரம்தான். அது நேரத்தைப் பார்க்காது, போனமுறை எத்தனை அடித்ததோ அதற்கு அடுத்ததை அடிக்கும், அவ்வளவுதான். அதில் மணியடிக்கும் நெம்பை விரலால் தூக்கித் தூக்கி, முள் காட்டும் எண் வரும்வரை அடிக்க விட வேண்டும்.

கால்மணி இசை அரைமணிக்கு வருகிறதா? நிறைய மிஷின்கள் தாமாகவே ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளும். கையை வைக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நேரம் மாற்றும்போது பெரிய முள்ளை முன்னோக்கியே நகர்த்துங்கள். ஒவ்வொரு கால்மணியிலும் இசை முடியும்வரை பொறுங்கள். பழைய மிஷினில் பின்னோக்கித் திருப்புவது வினை.

இசை இழுத்து இழுத்துச் சோர்வாக வந்தால் குண்டுகள் இடம் மாறியிருக்கும். வெள்ளையடிக்கும்போதோ கல்யாணத்துக்குச் சுத்தம் செய்யும்போதோ கழற்றி, திரும்ப மாட்டியவர் பார்த்திருக்க மாட்டார். எதிரே நின்று பார்க்கும்போது இடக் குண்டு மணி அடிக்க, நடுக் குண்டு நேரம் ஓட்ட, வலக் குண்டு கால்மணி இசைக்க. எடை ஒன்றுபோல இல்லாவிட்டால் பொதுவாக வலதுதான் அதிகக் கனம். பலவற்றின் அடியில் இட, நடு, வல என்பதற்கான ஆங்கில முதலெழுத்து பொறித்திருக்கும்.

ஓசை 'டப்' என்று மழுங்கியிருந்தால் சுத்தியல் அடித்தபின் கம்பியை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓய்வில் இருக்கும்போது கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுத்தியலின் தண்டை மட்டும் வளையுங்கள். மணிக்கம்பியை வளைக்கவே கூடாது. அது அடியில் மெலிந்திருக்கும், பட்டென்று முறியும். முறிந்தால் அந்த ஒரு சுரம் போய்விடும்.

"நேரம் பிந்துது"

பெண்டுலத் தட்டின் கீழே இருக்கும் நட்டைத் திருகித் தட்டை உயர்த்தினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். நொடிக்கு ஒரு வீச்சு போகும் பெண்டுலம் சுமார் 99.4 சென்டிமீட்டர் நீளம். அதில் 1 மில்லிமீட்டர் மாறினால் ஒரு நாளைக்கு 43 நொடி மாறும். கால் சுற்றுத் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி திருப்புவதுதான் முறை. ஒரே நாளில் நாலு தரம் திருப்பினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த கடிகாரம் இங்கே ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்தினால் அதைக் குறை சொல்லாதீர்கள். புவியீர்ப்பு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது, பெண்டுலம் மெதுவாகிறது. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது அது தினமும் இரண்டரை நிமிடம் பிந்தியது. பெண்டுலத்தை 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கித்தான் சரிசெய்தார். காரைக்குடி 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, தெற்கு ஜெர்மனி 48இல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே இரண்டு நிமிடம்தான் வரும், அதே 3 மில்லிமீட்டர் ஏற்றம்தான் மருந்து.

சித்திரை வெயிலில் கொஞ்சம் பிந்தி, மார்கழியில் கொஞ்சம் முந்தினால் விட்டுவிடுங்கள். எஃகுத் தண்டு 10 பாகை (செல்சியஸ்) சூடு கூடினால் நாளொன்றுக்கு 5 நொடி பிந்தும். பித்தளைத் தண்டு என்றால் 8 நொடி. மரத்தண்டு இந்த விஷயத்தில் இரண்டையும்விட யோக்கியம்.

எண்ணெயும் பாலிஷும்

தேங்காய் எண்ணெய் விட்ட கடிகாரத்தை எடுத்து வந்தால் எந்த மெக்கானிக்கும் முகம் சுளிப்பார். அது 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் இங்கேயும் அந்தக் குளிர் வரும். மற்ற மாதங்களில் காற்றுப் பட்டுப் பிசினாகி, தூசியைப் பிடித்துத் தேய்ப்புக் களிம்பாக மாறும். தையல் மிஷின் எண்ணெய் வழிந்தோடிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே பழைய அழுக்கைக் கரைத்து அச்சுத் துளைகளுக்குள் இறக்கிவிடும். கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெய் மட்டும், தகட்டில் அச்சு நுழையும் குழிகளில் ஊசி முனையால் தொட்டு வைக்க வேண்டும். குழி பாதி நிரம்பினால் போதும். பல்லுக்கும் சங்கிலிக்கும் எண்ணெயே கூடாது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இது போதும். குழியைச் சுற்றிக் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் எண்ணெய் விடும் கட்டம் தாண்டிவிட்டது, கழுவித்தான் ஆக வேண்டும்.

குத்துவிளக்கு தேய்க்கிற புளியையும் சாம்பலையும் குண்டுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குண்டின் பித்தளைக் கூட்டின்மேல் லேக்கர் பூசியிருக்கும். தேய்த்தால் திட்டுத் திட்டாக உரியும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கழற்றும்போதும் துணி சுற்றிப் பிடியுங்கள், விரல் வியர்வை அப்படியே தடமாக விழும்.

அம்மோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், பித்தளைக்குள் ஏற்கெனவே இருந்த இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921இல்தான் தெளிவாக்கினார்கள். வளைத்தும் அடித்தும் செய்த பித்தளைக்கு அந்த இறுக்கம் உண்டு. பூட்டிய வீட்டில் வௌவால் குடியிருந்தால் அதன் எச்சத்திலிருந்தும் அம்மோனியா வரும். கடிகாரம் இருக்கும் அறையில் வௌவால் இருந்தால் முதலில் அதற்கு வழி பண்ணுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக் கதவு உப்பி இறுகினால் சீவிவிடாதீர்கள். தையில் தானாகச் சுருங்கும். சீவியிருந்தால் அப்போது இடைவெளி விழுந்து தூசி புகும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது

பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் கடிகாரம் நின்றபடியே கிடப்பதில் தோஷம் ஒன்றும் இல்லை. நிறுத்தும் முறைதான் முக்கியம். முதலில் பெண்டுலத்தைக் கையால் நிறுத்திக் கொக்கியிலிருந்து தூக்கி எடுங்கள். பிறகு குண்டுகள். கழற்றுமுன் ஒவ்வொரு சங்கிலியின் இரண்டு இழையையும் மிஷினுக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய கம்பி கோத்துக் கட்டிவிட்டால், எடை போனபிறகும் சங்கிலி பல்லை விட்டு நழுவாது. குண்டுகளில் இட, நடு, வல என்று சீட்டு ஒட்டி, துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். சென்னைக்கோ வேறு வீட்டுக்கோ வண்டியில் ஏற்றும்போதும் இதே வரிசைதான். பெண்டுலம் மாட்டிய நிலையில் பெட்டியைச் சாய்த்தால் தொங்கு தகடு முறுக்கிக்கொள்ளும்.

திரும்ப வந்து திறக்கும்போது வரிசை தலைகீழ். கூடு, ஒட்டடை பார்த்து, ரசமட்டம் வைத்து, குண்டு மாட்டி, கட்டிய கம்பியை அவிழ்த்து, பெண்டுலம் தொங்கவிட்டு ஆட்டுங்கள். விருந்தாளிகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டால் நல்லது. நேரம் திருத்த அந்த ஒரு வாரம் வேண்டும்.